படகு இயந்திரத்தின் குளிர்நீரும் அரிப்புத் தடை மருந்தும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்தில் விசைப்படகின் பாதுகாப்பைப் பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எமக்குப் பணித்தனர். பொருளோ பெரிது, நேரமோ சிறிது, எமது ஆற்றல் அதனினும் சிறிது. ஆதலின் படகு முழுவதையும் பற்றிப் பேசப் புகாமல், அதன் இயந்திரத்தினுள்ளே சுழன்றோடும் குளிர்நீரையும், அந்நீரிற் கலக்கத்தக்க அரிப்புத் தடை மருந்தையும் மட்டுமே எடுத்துக்கொண்டோம். மருந்து கலந்த இந்நீரை நம்மவர் 'கூலண்ட்' என வழங்குவர். "கூலண்டில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? பச்சையாக இருந்தாற் போதாதா?" என்று கேட்போர் நம்முள் உளர். அவ்வினாவுக்குத் தக்க விடை கூறுதலே எமது நோக்கமாகும்.

நம் முன்னோர் பாயையும் துடுப்பையும் நம்பிக் கடல்மேற் சென்றனர். 1953-ஆம் ஆண்டில் கேரளக் கரையில் நீண்டகரையைச் சார்ந்து இந்திய நார்வேக் கூட்டுத் திட்டம் தொடங்கியபின், இயந்திரப் படகு நம் நாட்டுக் கரைகளிற் பெருகலாயிற்று. இன்று ஒரு விசைப்படகு ஒருவருடைய உடைமை மாத்திரமன்று. உடையவர், டிரைவர், உடன் செல்லும் தொழிலாளர், கரையில் மீன் விற்கும் பெண்டிர் ஆகிய பல குடும்பங்களின் சோறு அதனைப் பற்றி நிற்கிறது. அவ்வியந்திரம் பழுதுற்றால் அடகுக் கடைக்குச் செல்வது யாருடைய நகை என்பதைத் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். அதுவும் கரையிற் பழுதுற்றால் பொருள் நஷ்டத்தோடு போயிற்று. நடுக்கடலிற் பழுதுற்றாலோ உயிருக்கே ஏதமாம். பாக் நீரிணையில் 1974-ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் வகுக்கப்பெற்ற கடல் எல்லை நமக்கு மிக அணித்தாக உள்ளது. இயந்திரம் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் எப்பக்கம் கொண்டு செல்லும் என்று யாரால் கூற முடியும்? ஆதலின் குளிர்நீரைப் பற்றிய பேச்சு இயந்திரக்காரருக்கு மட்டும் உரியதென்று எவரும் எண்ணற்க.

வெப்பமும் நீரும்

ருடால்ப் டீசல் என்பார் 1897-ஆம் ஆண்டில் செருமானிய நாட்டு ஆக்ஸ்பர்க் நகரில் தம் இயந்திரத்தை வெற்றியுற இயக்கிக் காட்டினார். அன்று முதல் இன்று வரை அவ்வியந்திரம் எத்துணையோ திருத்தம் பெற்றும், எரியும் எண்ணெயின் வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற ஒருவராலும் இயலவில்லை. சிறு டீசல் இயந்திரங்களில் அவ்வெப்பத்திற் பொதுவாக மூன்றிலொரு பங்கோ அதனினும் சற்று மிகுதியோ வேலையாகிறது. மற்றொரு பெரும்பங்கு புகையோடு போகின்றது. எஞ்சியதிற் பெரும்பாலானதைக் குளிர்நீரே ஏந்திச் செல்ல வேண்டும்.

படகுகளில் இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கடல்நீரையே இயந்திரத்தின் உள்ளே செலுத்தி வெளியேற்றுவது. இரண்டாவது, இயந்திரத்தினுள் நன்னீர் சுழல, அந்நன்னீரை வெப்பமாற்றுக் கலத்திலே கடல்நீர் குளிர்விப்பது. மூன்றாவது, நன்னீரைப் படகின் அடிப்புறத்தே வெளியிற் பொருத்திய குழாய்களில் ஓடவிட்டுக் கடலே குளிர்விக்குமாறு செய்வது. முதல் வழியில் நீர் நில்லாமல் ஓடிவிடுதலின் அதில் மருந்து கலத்தல் ஆற்றிலே கரைத்த புளியாகும். பின்னிரண்டு வழிகளில் ஒரே நீர் பல மாதம் சுழல்வதால் மருந்துக்கு இடமுண்டு. இடமுண்டு என்பது மாத்திரமன்று, மருந்தின்றி அவை நீடித்து நில்லா. லாரிக்கென அமைந்த இயந்திரத்தைக் கடலுக்கேற்ப மாற்றிப் பொருத்தும் இடங்களிலும் இவ்வாறே நன்னீர்ச் சுழற்சி அமைவதுண்டு. இனி யாம் கூறுவன இவ்விருவகை இயந்திரங்களைப் பற்றியனவே.

அரிப்பின் இயல்பு

இயந்திரத்தின் உள்ளே ஓர் உலோகம் மட்டும் இல்லை. உடல் வார்ப்பிரும்பு, வெப்பமாற்றுக் கலத்தின் குழாய்கள் செம்பும் நிக்கலும் கலந்தவை, சில உறுப்புக்கள் பித்தளை, ஒட்டிய இடங்கள் பற்றாசு, மேல்மூடியோ கலத்தின் கூடோ சில இயந்திரங்களில் அலுமினியம். பல உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு ஒரே நீரில் நனைந்திருந்தால் அவ்விடம் ஒரு மின்கலம் போல் ஆகிவிடுகின்றது. மின்கலத்தில் ஒரு தகடு கரைவது போல, இவ்வுலோகங்களுள் எது எளிதில் மின்னை விடுமோ அது கரையும். அலுமினியமும் இரும்பும் கரைய, செம்பு நிலைத்து நிற்கும். செம்பிலும் ஒரு சிறிது கரைந்து அலுமினியத்தின்மேற் படியுமாயின், அப்படிந்த புள்ளிதோறும் ஒரு குழி தோன்றும்.

இவ்வுண்மையை நன்மைக்குப் பயன்படுத்தியவர் ஆங்கில நாட்டு அறிஞர் ஹம்ப்ரி டேவி ஆவர். கப்பலடியில் அடித்த செப்புத் தகடு கடல்நீரால் அரிபடாதிருக்க, அதனோடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்தால் அவை தாம் கரைந்து செம்பைக் காக்கும் என்று 1824-ஆம் ஆண்டில் அவர் நாட்டினார். இன்று நம் படகின் வெப்பமாற்றுக் கலத்தில் திருகி வைக்கும் 'ஜிங்க்' குச்சி அக்கொள்கையின் வழிவந்ததேயாம். ஆயினும் ஒன்றை மறவற்க. அக்குச்சி கடல்நீர் ஓடும் பக்கத்தை மட்டுமே காக்கும். நன்னீர் சுழலும் பக்கத்தை அது சென்று எட்டாது. "ஜிங்க் மாற்றிவிட்டோம், இனி அச்சமில்லை" என்று கூறுவார், வாயிலுக்குக் காவல் வைத்துக் கொல்லையைத் திறந்துவிட்டவரே ஆவர்.

நன்னீர்ப் பக்கத்தில் மற்றுமொரு பகை உண்டு. பல டீசல் இயந்திரங்களில் நீர் லைனரின் வெளிப்புறத்தை நேரே தொட்டு நிற்கும். பிஸ்டன் பக்கத்துக்குப் பக்கம் தட்டும்போது லைனர் கண்ணுக்குப் புலப்படாமல் அதிர்கின்றது. அவ்வதிர்ச்சியால் நீரில் நுண்ணிய ஆவிக் குமிழிகள் தோன்றி, தோன்றிய கணத்தே உடைகின்றன. உடையும் ஒவ்வொரு குமிழியும் லைனரின்மேற் சிற்றுளி கொண்டு கொத்துவது போலக் கொத்தும். நாளடைவில் குழி ஆழ்ந்து லைனர் துளைபடும், நீர் எண்ணெயிற் கலக்கும், பேரிங்குகள் கெடும். வெளியே ஒரு துளியும் ஒழுகாத நிலையிலும் இத்தீங்கு உள்ளே நடந்துகொண்டிருக்கும். இதனைத் தடுப்பதே டீசல் இயந்திரத்துக்குரிய மருந்தின் முதற் கடமையாகும். பெட்ரோல் காருக்கென விற்கும் மருந்து இங்கே போதாதென்பதற்கும் இதுவே காரணம்.

நீரே முதல் மருந்து

மருந்தைப் பற்றிப் பேசுமுன் அதனைக் கலக்கும் நீரைப் பற்றிக் கூறியாகல் வேண்டும். கெட்ட நீரில் நல்ல மருந்தும் கெடும். இயந்திரத் தயாரிப்பாளர் பலரும் ஏற்றுக்கொண்ட அளவு இது: ஒரு லிட்டர் நீரிற் குளோரைடு 40 மில்லிகிராமுக்கும், சல்பேட்டு 100 மில்லிகிராமுக்கும், கடினத்தன்மை 170 மில்லிகிராமுக்கும், கரைந்த உப்புக்கள் யாவும் சேர்ந்து 340 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது. நம் கடலோர ஊர்களின் கிணறுகளில் எத்தனை இவ்வளவுக்குள் அடங்கும் என்பதை, அந்நீரை அன்றாடம் குடித்துப் பார்ப்பவர்களே கூறட்டும்.

கடல்நீரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. பெருங்கடல் நீர் ஒரு லிட்டரில் உப்பு ஏறக்குறைய 35 கிராம். அதிற் குளோரைடு மட்டும் ஏறக்குறைய 19 கிராம். இருபது லிட்டர் நன்னீர் கொள்ளும் இயந்திரத்தில் 100 மில்லிலிட்டர் கடல்நீர், அதாவது ஒரு தேநீர்க் குவளையளவு, புகுந்துவிட்டதெனக் கொள்வோம். அதனோடு புகுவது 1,900 மில்லிகிராம் குளோரைடு. லிட்டருக்கு 95 மில்லிகிராம். ஒரே குவளையால் வரம்பின் இரு மடங்கைத் தாண்டிவிட்டோம்! ஆதலின் நடுக்கடலில் நீர் குறைந்தால் ஊற்றுவதற்கென்று கலந்த நீர் ஒரு கேனில் எப்போதும் படகில் இருத்தல் வேண்டும். உயிர் காக்க வேறு வழியின்றிக் கடல்நீரை ஊற்றி வந்தவர், கரை சேர்ந்த அன்றே அதனை வடித்து, நன்னீரால் மும்முறை கழுவிப் புதிதாக நிரப்பக் கடவர். பேட்டரிக்கு ஊற்றும் வாலை நீரோ, உப்பு நீக்கிய நீரோ, தூயதாகப் பிடித்து வைத்த மழைநீரோ இதற்குத் தகும்.

மருந்துகளின் வகை

மருந்துகளின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். முற்காலத்தில் நீரோடு கலக்கும் ஒருவகை எண்ணெயைப் பயன்படுத்தினர். அஃது உலோகத்தின்மேல் ஏடு படிந்து காத்தது உண்மையே. ஆயினும் அவ்வேடே வெப்பம் வெளியேறத் தடையாயிற்று. ரப்பர்க் குழாய்களையும் அது கெடுத்தது. பின்னர்க் குரோமேட்டு உப்பு வந்தது. இரும்பைக் காப்பதில் அதற்கு நிகர் அரிது. ஆனால் அது புற்றுநோய் விளைக்கும் கொடிய நஞ்சு. கிளைக்காலோடு கலந்தால் அதனைச் சிதைத்துத் தானும் சிதைவது. இவ்விரண்டையும் யாரேனும் பழைய பழக்கம் பற்றிப் பரிந்துரைத்தால் கொள்ளற்க.

இன்று வழங்குவனவற்றை இரு பிரிவாகக் கொள்ளலாம். முதற் பிரிவு தாது உப்புக்கள். அவற்றுள் நைட்ரைட்டு இரும்பின்மேல் மெல்லிய காப்பேட்டை உண்டாக்கி, மேலே கூறிய குமிழிக் குழிகளிலிருந்து லைனரைக் காக்கும். மிகுந்தால் பற்றாசையும் அலுமினியத்தையும் வருத்தும். சிலிக்கேட்டு அலுமினியத்தை விரைந்து காக்கும். அளவு மிஞ்சினால் கூழ்போல் உறைந்து குழாயை அடைக்கும். பாஸ்பேட்டும் நன்றே, ஆயினும் கடின நீரோடு சேர்ந்தால் சுண்ணம்போற் படியும். போரேட்டு நீர் புளித்துப் போகாமல் தாங்கும். செம்புக்கும் பித்தளைக்கும் உரிய காவலன் டிரையசோல் என்னும் பொருள். அது மட்டும் தாது உப்பன்று. எம்மருந்தாயினும் இஃதில்லாமல் செப்புக் குழாயுள்ள படகுக்கு ஆகாது.

இரண்டாம் பிரிவு கரிம அமிலங்களின் உப்புக்கள். இவை உலோகம் முழுவதும் ஏடு போர்த்தாமல், அரிப்புத் தொடங்கும் இடத்திற் சென்று பற்றித் தடுப்பன. ஆதலின் மெல்லவே செலவாவன. முதற் பிரிவு மருந்துக்குப் பொதுவாக இரண்டாண்டு கூறுவாராயின், இதற்கு ஐந்தாண்டு கூறுவர். இவ்விரண்டையும் கலந்து செய்த கலப்பினமும் கடையில் உண்டு. ஆனால் கடைக்காரர் செய்த கலப்பு வேறு, நாம் படகிற் செய்யும் கலப்பு வேறு. பாதி அதுவும் பாதி இதுவுமாக ஊற்றினால் இரண்டும் தத்தம் அளவிற் குறைந்து, ஒன்றும் காவாமற் போகும்.

எதனைத் தேர்வது?

இனித் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுவோம். முதலில் இயந்திரத்தோடு வந்த கைப்புத்தகத்தைப் பார்க்க. புத்தகம் இல்லையேல் விற்றவரிடமோ தயாரிப்பாளரிடமோ இரண்டு வினாக்களைக் கேட்க. நீர் லைனரை நேரே தொடுகின்றதா? நீர் தொடும் இடத்தில் அலுமினியம் உண்டா? இவ்விரு விடைகளும் பாதி வழியைக் காட்டிவிடும்.

லைனரை நீர் நேரே தொட, உடல் வார்ப்பிரும்பாகவும் கலம் செம்பு நிக்கலாகவும் இருந்து, அலுமினியம் இல்லையாயின், நைட்ரைட்டும் டிரையசோலும் சேர்ந்த கனரக டீசல் மருந்து தகும். அலுமினியக் கூடோ மேல்மூடியோ இருப்பின், நைட்ரைட்டு இல்லாத கரிம அமில வகையையோ, சிலிக்கேட்டு அளவாகச் சேர்ந்த அவ்வகையையோ, தயாரிப்பாளர் ஒப்புதல் பெற்று நாடுக. டப்பாவின்மேல் அச்சிட்ட தர எண்ணைப் படிக்கப் பழகுக. அமெரிக்கச் சோதனைச் சங்கத்தின் ஏ.எஸ்.டி.எம். டி 6210 என்பது கனரக டீசலுக்கு முழுமையாகச் சேர்த்த குளிர்நீரைக் குறிக்கும். டி 3306 என்று மட்டும் இருந்தால் அது கார் போன்ற இலேசான வண்டிகளுக்கு உரியது. அச்சங்கத்தாரின் டி 1384 என்னும் சோதனையில் செம்பு, பற்றாசு, பித்தளை, எஃகு, வார்ப்பிரும்பு, வார்ப்பு அலுமினியம் ஆகிய ஆறு உலோகத் துண்டுகளை உப்புக் கலந்த மருந்து நீரில் அமிழ்த்தி, 88 டிகிரி சூட்டில் காற்றூட்டி, 336 மணி, அஃதாவது பதினான்கு நாள் வைத்து எடை குறைவை அளப்பர். ஆறு உலோகத்தையும் ஒரே மருந்து காத்தல் வேண்டும் என்பதே அச்சோதனை நமக்குக் கற்பிக்கும் பாடம்.

நிறத்தை நம்பற்க. பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்பன சாயமேயன்றி மருந்தல்ல. எந்நிறத்துக்கு எவ்வகை என்று உலகம் முழுதும் ஒத்த விதி இல்லை. ஒரே பச்சையில் இருவேறு மருந்துகள் இருத்தலும், ஒரே மருந்து இருவேறு நிறத்தில் வருதலும் உண்டு.

இறுதியாக, நம் துறைமுகத்தில் ஆண்டு முழுதும் தடையின்றிக் கிடைப்பதையே தேர்க. மிக உயர்ந்த மருந்தை ஒருமுறை வாங்கி, அடுத்த மாதம் அது கிடையாமல் வேறொன்றை ஊற்றுவதிலும், நடுத்தரமான தகுந்த மருந்தை இடைவிடாமல் பேணுதல் நன்று.

அளவே உயிர்

இச்சொற்பொழிவில் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்வோம் என்பார்க்கு யாம் கூறுவது இதுவே: மருந்து குறைந்தால் பயன் குறையும் என்பதன்று, தீங்கு விளையும். நைட்ரைட்டைப் போன்ற மருந்து போதிய அளவில் இருக்கும்போது இரும்பு முழுவதையும் போர்த்துகின்றது. குறைந்தபோது போர்வையிற் கிழிசல்கள் தோன்றும். பரந்த இடமெல்லாம் நிகழவேண்டிய அரிப்பு அக்கிழிசல்களின்மேல் ஒன்றுதிரண்டு விழும். பரவலாகத் துருவேற வேண்டிய இரும்பு, ஒரே புள்ளியில் ஆழத் துளைபடும். அரைக்கிணறு தாண்டினவன் தாண்டாமல் நின்றவனினும் கேடுறுதல் போல்வது இது.

அளவு எங்ஙனம் குறைகிறது என்பதைக் கணக்கிட்டுக் காண்போம். இருபது லிட்டர் கொள்ளும் இயந்திரத்தில் ஓரிடத்துக் கசிவால் வாரம் ஒரு லிட்டர் போகிறது. டிரைவர் வெறும் நீர் ஒரு லிட்டர் ஊற்றுகிறார். ஒவ்வொரு வாரமும் மருந்தில் இருபதிலொரு பங்கு கழியும். பத்து வாரத்தில் நூற்றுக்கு அறுபது பங்கே எஞ்சும். இருபது வாரத்தில் முப்பத்தாறு பங்கே எஞ்சும். நிறம் அப்போதும் பச்சையாகவே தோன்றும்! ஆதலின் கசிந்து போன நீருக்கு ஈடாகக் கலந்த நீரையே ஊற்றுக. ஆவியாய்ப் போனதற்கு மட்டுமே தனித் தூய நீரை ஊற்றுக.

மற்றொரு குறைவு நம் வெப்ப நாட்டுக்கே சிறப்பாக உரியது. மேலைநாட்டார் நீர் பனியாய் உறையாதிருக்க எத்திலின் கிளைக்கால் என்னும் திரவத்தைச் சரிபாதி கலப்பர். "நம் கரையிற் பனியேது? நூற்றுக்குப் பத்துப் பங்கு ஊற்றினாற் போதும்" என்று நம்மவர் கருதுவர். உறைபனிக்கு அக்கூற்று சரியே. ஆனால் அரிப்புத் தடை மருந்தும் அக்கிளைக்காலின் உள்ளேதான் கரைந்திருக்கிறது. கிளைக்காலைக் குறைத்தபோது மருந்தையும் ஐந்திலொன்றாகக் குறைத்துவிட்டோம் என்பதை அவர் காண்பதில்லை. இதற்கு நல்வழி இரண்டுண்டு. கிளைக்கால் கலந்த மருந்தாயின் டப்பாவிற் கூறிய வீதத்தை ஒரு துளியும் குறையாமற் கலக்க. அன்றேல், பனிக்கு அஞ்சாத நாட்டுக்கென்றே கிளைக்கால் இன்றி நீரிற் கலக்குமாறு செய்த மருந்தை வாங்குக. கிளைக்காலினும் நீர் வெப்பத்தை நன்கு ஏந்துமாதலின், இயந்திரத்தார் ஒப்புவராயின் இவ்விரண்டாவது வழி நமக்குப் பெரிதும் பொருந்தும்.

சில ஆட்சேபங்கள்

"லாரிக்கு இரண்டாண்டு நிற்கும் மருந்து படகுக்கு நில்லாதா?" என்பர். ஆண்டைக் கணக்கிடாமல் இயந்திரம் ஓடிய மணியைக் கணக்கிடல் வேண்டும். வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு 14 மணி ஓடும் படகு வாரத்தில் 42 மணி ஓடும். தடைக்காலம் நீங்கலாக 43 வாரத்தில் ஏறக்குறைய 1,800 மணி ஆகும். பழைய வகை மருந்துகளுக்கு இரண்டாண்டு அல்லது 2,000 முதல் 3,000 மணி, இவற்றுள் எது முந்துமோ அதுவே எல்லை. படகுக்கு மணியே முந்தும். நைட்ரைட்டு வகைக்கு ஏறத்தாழ 250 மணிக்கொரு முறை, நம் கணக்கில் ஆறு வாரத்துக்கொரு முறை, சோதித்துத் துணைமருந்து சேர்த்தலும் வழக்கம்.

"உப்பு மருந்தை மொத்தமாக வாங்கி நாமே கலந்தால் மலிவன்றோ?" என்பர். லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் நைட்ரைட்டு வேண்டுமெனின் இருபது லிட்டருக்கு 30 கிராம். சோடியம் நைட்ரைட்டு உப்பாக 45 கிராம். ஒரு பிடிக்குள் அடங்குவது. இதன் மலிவு உண்மையே. ஆனால் நைட்ரைட்டு தனித்துச் செம்பைக் காவாது. அமீன் என்னும் பொருள் உள்ள வேறு மருந்தோடு கலந்தால் புற்றுநோய்க்கு ஏதுவானவை தோன்றும். அளவு தவறினால் முன் கூறிய தீங்கு வரும். மீதமாகும் காசு சிறிது. கெடும் பொருள் பெரிது.

"எம் இயந்திரம் பல ஆண்டு வெறுங்கிணற்று நீரிலேயே ஓடிற்றே!" என்பாரும் உளர். ஓடியிருக்கும். அதன் லைனரைக் கழற்றி வெளிப்புறத்தை ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டு அவர் பேசுவாராக.

தடைக்காலத்திற் செய்யத்தக்கவை

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை நிலவுகின்றது. படகு கரையேறும் இக்காலமே குளிர்நீரை மாற்றுதற்கு ஏற்றது. பழைய நீரை வடித்து, நன்னீரால் தெளிவாகும் வரை கழுவுக. துருவும் சுண்ணமும் மிகுந்திருந்தால் தயாரிப்பாளர் கூறிய கழுவு மருந்தையே இடுக. கடைத்தெருவின் கடுமையான அமிலத்தை ஊற்றி அலுமினியத்தைக் கரைத்துவிடற்க. பின் தூய நீரும் மருந்தும் முன்னரே ஒரு கலத்திற் கலந்து ஊற்றி, மூடியைத் திறந்தபடி சிறிது நேரம் ஓட்டிக் காற்றைப் போக்கி, ஆறிய பின் குறைந்ததை நிரப்புக. வடித்த இயந்திரத்தை ஈரத்தோடு வெறுமையாக இரண்டு மாதம் விடுதல் மிகத் தீது. மருந்து நீர் நிறைந்திருத்தலே காப்பு. கடல்நீர்ப் பக்கத்தை மட்டும் நன்னீரால் கழுவி வடித்துவிடுக. துத்தநாகக் குச்சியை மாதந்தோறும் பார்த்து, பாதி கரைந்ததும் மாற்றுக. நீர்மூடியின் ரப்பரையும் பார்க்க. மூடி அழுத்தத்தைக் காத்தால் குமிழிகளும் குறையும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்திலின் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு; சிறிதளவும் குழந்தையின் உயிரைக் கவரக்கூடும். நைட்ரைட்டோ பார்வைக்குச் சமையல் உப்பையே ஒத்தது; உண்டால் குருதி உயிர்க்காற்றை ஏந்தும் ஆற்றலை இழக்கும். இவற்றைக் குளிர்பானப் புட்டியிலோ, உப்புச் சாடியிலோ, அடுக்களை அருகிலோ வைக்க ஒருபோதும் இடங்கொடாதீர்கள். பழைய டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொள்ளவும் வேண்டா. ஆடவர்க்கும் ஒன்று: வடித்த நீரைத் துறைமுகத்தில் ஊற்றற்க. அங்கே வாழ்வன நம் மீன்களே.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்

இவ்வளவும் ஒவ்வொருவரும் தனித்தனியே செய்தல் அரிது. கூடிச் செய்தல் எளிது. உப்பும் காரமும் மருந்தளவும் காட்டும் சோதனைத் தாள்களைச் சங்கம் மொத்தமாக வாங்கி வைக்கலாம். கிளைக்கால் வீதத்தைக் காட்டும் சிறு கருவி ஒன்று துறைமுகம் முழுமைக்கும் போதும். தூய நீரைச் சங்கமே வரவழைத்து அடக்க விலைக்கு அளிக்கலாம். ஒவ்வொரு படகுக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, எந்நாள் எம்மருந்து எத்தனை லிட்டர், எத்தனை மணி ஓடிற்று, எவ்வளவு குறைந்தது என்று எழுதி வருவாராயின், டிரைவர் மாறினும் மருந்து மாறாது.

கல்வியும் வேண்டும். மத்திய அரசினர் 1963-ஆம் ஆண்டில் கொச்சியில் தொடங்கிய மீன்பிடிக் கடலோடிப் பயிற்சி நிலையத்துக்குச் சென்னையிலும் பிரிவு உண்டு; நம் இளைஞர் அத்தகைய இடங்களை நாடல் வேண்டும். அரிப்பை ஆராய்வதற்கோ நம் நாடு எங்கும் போகவேண்டுவதில்லை. டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் காரைக்குடியில் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிப்பைத் தன் ஆராய்ச்சிகளுள் ஒன்றாகக் கொண்டது. கடலோரத்தில் அரிப்பை ஆராய மண்டபத்திலும் அஃது இடம் அமைத்தது. ஒருவர் ஈந்த பொருளால் ஒரு நாட்டின் அறிவு வளர்ந்தது என்பதற்கு அஃதொரு சான்று. நம் மாணவருள் வேதியியல் பயில்வோர் அவ்வறிவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவராயின், அஃது அவர் தம் குலத்துக்குச் செய்யும் கைம்மாறாகும்.

அன்பர்காள்! கடலை நம்மால் ஆள முடியாது. காற்றையும் ஆள முடியாது. நம் கைக்குள் அடங்கியது இயந்திரம் ஒன்றே. அதனுள்ளே ஓடும் இருபது லிட்டர் நீரைத் தூயதாக, ஒரே மருந்துடையதாக, குறையாத அளவினதாக வைத்தல் நம் கடமை. வருகின்ற தடைக்காலத்திலேயே இதனைத் தொடங்குவோமாக.